இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு பெங்களூரில் ஏன் ஒற்றை அறை?

ஓர் இணைய இழையில் ஒருவர் கேட்ட கேள்வி இதுதான், கீழே அவ்வப்போது நான் எழுதிய பதில்கள்:

"ஊரில் இரண்டு ஏக்கர், போர்வெல், ஓசிக் கரண்ட், வருஷத்துக்கு ஆறாயிரம் பி.எம். கிசான் பணம், தேர்தலுக்குத் தேர்தல் கடன் தள்ளுபடி. இவ்வளவையும் வைத்துக்கொண்டு இங்கே வந்து பொம்மனஹள்ளியில் ஒற்றை அறையில் கிடக்கிறார்கள். சிறு விவசாயி ஏழை என்பதே கட்டிவிட்ட கதை. 2023இல் தக்காளி விற்றுக் கோடீஸ்வரர் ஆனவர்களைப் பார்க்கவில்லையா? கண்ணீர் வேண்டாம், கணக்கோடு யாராவது பதில் சொல்லுங்கள்."

2 மார்ச் 2025, ஞாயிறு இரவு

அந்தப் பொம்மனஹள்ளி ஒற்றை அறை என்னுடையதுதான். ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் கணக்கு எழுதுவது என் வேலை. கணக்கு கேட்டதால் சந்தோஷமாகவே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ராயக்கோட்டைப் பக்கம் 1 ஏக்கர் 80 சென்ட். வெளியே சொல்லும்போது இரண்டு ஏக்கர் என்போம், மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்வதுபோல. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவர் சாகுபடி செய்யும் நிலத்தின் சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது 1.85 ஏக்கர். நாங்கள் சராசரிக்கு ஐந்து சென்ட் குறைவு. நாடு முழுக்க எடுத்தால் நூற்றுக்கு 86 பேர் இரண்டு ஹெக்டேருக்கு உட்பட்டவர்கள்.

இப்போது முக்கால் ஏக்கரில் தக்காளி. பிப்ரவரி 27, வியாழக்கிழமை மண்டிக்குப் போன சரக்கின் சீட்டை வண்டிக்காரர் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். 15 கிலோ பெட்டி 62. பெட்டி 90 ரூபாய்க்குப் போயிற்று, மொத்தம் 5,580. கமிஷன் நூற்றுக்குப் பத்து, 558. வண்டி வாடகை பெட்டிக்கு 18 வீதம் 1,116. இறக்குகூலி 186. கையில் கொடுத்தது 3,720. பறித்த ஐந்து பெண்களுக்கு ஆளுக்கு 350 என்று 1,750 போனால் மிச்சம் 1,970.

நேற்று மடிவாளா மார்க்கெட்டில் தக்காளி கிலோ 20 ரூபாய். அந்த 930 கிலோவும் அந்த விலைக்குப் போயிருந்தால் 18,600. நானும் ஒரு கிலோ வாங்கினேன். 18க்குக் கேட்டுப் பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தம்மா கொடுக்கவில்லை.

3 மார்ச்

நேற்று "மிச்சம் 1,970" என்று எழுதியது தப்பு. எங்கள் ஆடிட்டர் பார்த்திருந்தால் பேப்பரை முகத்தில் எறிந்திருப்பார். பறித்ததற்குப் பிந்திய செலவை மட்டும்தான் கழித்திருக்கிறேன். நாற்று, மல்ச்சிங் ஷீட் (பாத்தியை மூடும் பிளாஸ்டிக்), குச்சி, சணல், உரம், வாரம் தவறாமல் மருந்து, களையெடுப்பு எல்லாம் சேர்ந்து முதல் பறிப்புக்கு முன்பே 71,000 ஆகியிருக்கிறது. பாதிக்குச் சீட்டு இருக்கிறது, மீதி அப்பா வாயால் சொன்னது. இந்த விலையில் 36 தடவை பறித்தால்தான் போட்ட முதல் திரும்பும். தக்காளி பதினைந்து பறிப்பு கொடுத்தாலே செடிக்குக் கும்பிடு போட வேண்டும்.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. அன்றைக்குப் பறித்தது ஆறு பேர். ஆறாவது ஆள் அம்மா. சீட்டில் ஐந்துதான் இருக்கிறது.

5 மார்ச்

ஒருவர் ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். கடையில் நாம் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போய்ச் சேருவது தக்காளியில் 33 காசு, வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. "உன் கணக்கில் பத்து காசு வருகிறது, மூன்று மடங்கு அழுகை" என்கிறார்.

நல்ல கேள்வி. மதியம் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி போட்டுப் பார்த்தேன். 5,580ஐ 18,600ஆல் வகுத்தால் 30 காசு. ஆக என் அப்பா ஒன்றும் அதிசய துரதிர்ஷ்டசாலி இல்லை, ரிசர்வ் வங்கி சொன்னதற்கு மூன்று காசு பக்கத்திலேயே நிற்கிறார். நான் சொன்ன 1,970 அந்த 30 காசிலிருந்து கமிஷன், வண்டி, கூலி போன பிறகு நிற்பது. 33 காசு என்று படிக்கும்போது அது விவசாயியின் சட்டைப் பைக்குள் விழுவதாக நினைத்துக்கொள்கிறோம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தக் காசுக்குள்தான் உரக்கடைக்காரரும் டிரைவரும் இருக்கிறார்கள்.

அதே ஆள் விவசாயக் குடும்பங்களின் வருமானத்தைப் பற்றிய தேசிய மாதிரி ஆய்வு ஒன்றையும் குறிப்பிட்டிருக்கிறார். அதை நிதானமாகப் படித்துவிட்டு வருகிறேன்.

9 மார்ச், ஞாயிறு

"எல்லாம் இடைத்தரகர் கொள்ளை" என்று இங்கே பத்து பேர் எழுதிவிட்டார்கள். நானும் முதல் நாள் அந்த மனநிலையில்தான் இருந்தேன். போனில் இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கோபம் வந்துவிட்டது.

"பாப்பா, நீ என்ன வேணா எழுது. மண்டிக்காரரத் திருடன்னு மட்டும் எழுதாத. போன வருஷம் உங்கம்மாவுக்கு ஆபரேஷன்னு ராத்திரி பதினொரு மணிக்குப் போய் நின்னப்ப பதினஞ்சாயிரம் எடுத்துக் குடுத்தது யாரு, உங்க கம்பெனியா?"

பதில் சொல்ல முடியவில்லை. என் கம்பெனியில் அட்வான்ஸ் கேட்டால் மூன்று கையெழுத்து, ஐந்து நாள். மண்டிக்காரர் ஒரு காகிதமும் கேட்கவில்லை, வட்டியும் கேட்கவில்லை.

ஆனால் இரண்டு நாள் யோசித்த பிறகு இது தோன்றுகிறது: வட்டி அந்த 558 ரூபாய் கமிஷனுக்குள் இருக்கிறது. முன்பணம் வாங்கியவர் அடுத்த மண்டியில் ஐந்து ரூபாய் கூடப் போகிறது என்று தெரிந்தாலும் வண்டியைத் திருப்ப முடியாது. விலை சொல்லும்போது குறுக்கே பேச முடியாது. "ரெண்டு பெட்டி அழுகல்" என்று கழித்தால் எந்தப் பெட்டி என்று கேட்க முடியாது. அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்கு வங்கி, இன்சூரன்ஸ், ஆஸ்பத்திரி நிதி எல்லாம் அவர் ஒருவரே. அத்தனை வேலையும் ஒரே ஆள் பார்த்தால் அவர் சொன்னதுதான் விலை.

எந்த மண்டி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அடுத்த வாரமும் அங்கேதான் பெட்டி போக வேண்டும்.

அதே நாள், கொஞ்ச நேரம் கழித்து

"உழவர் சந்தை எதற்கு இருக்கிறது?" என்று கேட்டவருக்கு. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் ஆரம்பித்த நல்ல காரியம் அது. ஓசூரிலும் நன்றாக நடக்கிறது. கீரை, கத்திரி, வெண்டை என்று நாளுக்கு நாற்பது ஐம்பது கிலோ கொண்டுபோகிறவர்களுக்கு அது வரம். 930 கிலோ தக்காளியை ஆளுக்கு ஒரு கிலோ வீதம் நிறுத்துப் போட 930 பேர் வர வேண்டும், அதுவும் வெயில் ஏறுவதற்குள். அப்பா அங்கே உட்கார்ந்தால் தண்ணீர் கட்டுவது யார்?

ஹாப்காம்ஸ் என்று இன்னொருவர். 1959இலிருந்து இருக்கும் பெங்களூர்க் கூட்டுறவு, நானும் அங்கே திராட்சை வாங்குவேன். ஆனால் அது இந்த மாநில விவசாயிகளின் சங்கம். எங்கள் தக்காளி அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் வெளியூர்ச் சரக்கு. நானும்தான்.

10 மார்ச்

நாங்கள் பெங்களூருக்குத் தக்காளி அனுப்புகிறோம். பெங்களூர் எங்களுக்குத் தென்பெண்ணை ஆற்றின் வழியாகக் கழிவு நுரை அனுப்புகிறது. நம்பாதவர்கள் நல்ல மழைக்கு மறுநாள் ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையைப் போய்ப் பாருங்கள், ஊட்டி தோற்றுவிடும்.

(கோலார் வாசகர் ஒருவர் தங்கள் பக்கம் அது குழாய் வழியாகவே வருகிறது என்று எழுதியிருக்கிறார். சரிதான், 2018இலிருந்து பெங்களூர்க் கழிவுநீரைச் சுத்திகரித்து அங்கே ஏரிகளை நிரப்புகிறார்கள். வற்றிய போர்களில் தண்ணீர் ஊறியது என்கிறார். தண்ணீரின் தரத்தைப் பற்றி அவரே நாலு பத்தி சண்டை போட்டிருக்கிறார், அதற்குள் நான் போகவில்லை.)

16 மார்ச்

ஆறாயிரம், தள்ளுபடி. இந்த இரண்டையும் முடித்துவிடலாம்.

பி.எம். கிசான் 19ஆவது தவணை பிப்ரவரி 24 அன்று விட்டார்கள், அப்பாவுக்கு 2,000 வந்தது. நிஜமாகவே உதவியாக இருந்தது, மருந்துக்கடை பாக்கி தீர்ந்தது. வருஷத்துக்கு மூன்று தவணை, 6,000. இதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இதன் பக்கத்தில் இன்னொரு தொகையை வைத்துப் பாருங்கள். மூன்றாவது போர் போட அம்மாவின் நகையை அடகுக் கடையில் வைத்தது ஒன்றரை லட்சத்துக்கு. ரெண்டு ரூபாய் வட்டி, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு. மாதம் 3,000. அரசு ஒரு வருஷம் தருவதை அடகுக் கடை இரண்டு மாதத்தில் வாங்கிக்கொள்கிறது.

வங்கியில் வைத்தால் வட்டி குறைவுதானே என்பீர்கள். அன்றைக்குப் போர் வண்டி வயலில் நிற்கிறது, 600 அடி தாண்டியாயிற்று, இன்னும் இறக்கவா நிறுத்தவா என்று டிரைவர் கேட்கிறார். அது சனிக்கிழமை சாயங்காலம்.

தள்ளுபடி: 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய், 16.43 லட்சம் பேருக்குத் தள்ளுபடி ஆயிற்று. அப்புறம் கூட்டுறவில் ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக்கடனும். எங்களுக்கு இரண்டிலும் ஒன்றும் இல்லை. தள்ளுபடி ஆக வேண்டுமானால் முதலில் சங்கத்தில் கடன் கிடைத்திருக்க வேண்டும். நிலம் இன்னும் தாத்தா காலத்துக் கூட்டுப் பட்டாவில் கிடக்கிறது. சித்தப்பா திருப்பூரில், பெரிய அத்தை கே.ஜி.எஃப்.பில், சின்ன அத்தையோடு பேச்சுவார்த்தை இல்லை. நாலு கையெழுத்து சேருவதற்குள் பருவம் போய்விடும். கடைசியில், யாருக்குக் கடன் வாங்கத் தகுதி இருந்ததோ அவர்களுக்குத் தள்ளுபடி. தகுதி இல்லாதவர்கள் அடகுக் கடையில் வாங்கினோம், அங்கே யாரும் தள்ளுபடி அறிவிப்பதில்லை.

எங்கள் பக்கத்து வயலைக் குத்தகைக்கு ஓட்டுகிறவருக்குக் கிசான் பணமும் கிடையாது, ஏனென்றால் பட்டா அவர் பெயரில் இல்லை. பணம் நிலத்துக்காரருக்குப் போகிறது. நிலத்துக்காரர் இங்கே கே.ஆர். புரத்தில் மூன்று மாடி வீடு கட்டியிருக்கிறார்.

23 மார்ச்

ஓசிக் கரண்ட் பற்றி. ஆமாம், 1990இலிருந்து தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம். அதுவும் யாரும் தட்டில் வைத்து நீட்டியதில்லை. விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்தில், 1972இல், கோவையை மாட்டுவண்டிகளால் நிறைத்தார்கள். அந்தச் சண்டைகளின் தொடர்ச்சிதான் இது.

எங்கள் முதல் போர் 320 அடி. இரண்டாவது 700 அடி, புகைதான் வந்தது. மூன்றாவது 950. அதில் 880இல் தண்ணீர் தட்டுப்பட்டது. போர், கேசிங், மோட்டார், கேபிள் எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 70 ஆயிரம். கரண்டுக்குக் காசு இல்லை, தண்ணீருக்கு இவ்வளவு காசு.

இதில் என் இரண்டாம் யோசனை ஒன்று இருக்கிறது. கரண்ட் இலவசம் இல்லையென்றால் 950 அடிக்குப் போயிருப்போமா? நாங்கள் இறக்கினோம் என்று பக்கத்து வயல்காரர் 1,050 போனார். அவர் இறக்கியதும் எங்களுக்குத் தண்ணீர் குறைந்தது. அதனால் கேள்வி கேட்டவரிடம் பாதி ஒத்துப்போகிறேன்: இலவசக் கரண்ட் எங்களைக் காப்பாற்றியது, கடனுக்குள்ளேயும் இறக்கியது. சொட்டுநீர் 2012இலேயே போட்டிருந்தால் என்று அப்பாவே சில நாள் சொல்வார். மானியத்துக்கும் பட்டா கேட்டார்கள் என்று அம்மா ஞாபகப்படுத்துவார். அப்பா எழுந்து போய்விடுவார்.

2 ஏப்ரல்

"நூறு நாள் வேலை வந்த பிறகு வயலுக்கு ஆள் கிடைப்பதில்லை, அதனால்தான் விவசாயம் படுத்துவிட்டது" என்ற பழைய பாட்டு இங்கேயும் வந்துவிட்டது. அப்பா பாடும் பாட்டும் இதுவேதான்.

அவர் திண்ணையில் உட்கார்ந்து "ஆளே கெடைக்கல" என்று புலம்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார். ஜோக் இல்லை. நேற்றிலிருந்து கூலி 319இலிருந்து 336 ஆகியிருக்கிறது. தக்காளி பறிக்கப் போனால் 350. வித்தியாசம் 14 ரூபாய்தான், ஆனால் அங்கே பெட்டி தூக்க வேண்டாம், தலைக்குத் துண்டு போட்டுக்கொண்டு நாலு பேரோடு பேசிக்கொண்டே ஏரி மண்ணை வாரலாம். அம்மா நில உடைமையாளரா, கூலியா? வீட்டிலேயே முடிவாகவில்லை.

தேசிய மாதிரி ஆய்வைப் படித்துவிட்டேன் (77ஆவது சுற்று, 2018-19). ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரில் வந்தது 3,798. கூலி, சம்பளத்தில் வந்தது 4,063. விவசாயக் குடும்பம் என்று நாம் பெயர் வைத்திருப்பது பயிரைவிடக் கூலியில் கூடச் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு. என் அம்மாவை அளந்து எழுதியதுபோல இருந்தது.

6 ஏப்ரல்

கோடீஸ்வரர்கள் எங்கே என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள், வந்துவிட்டேன்.

2023 ஜூலையில் கோலாரில் 15 கிலோ பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியது உண்மை. கோலார் வாசகர் அந்த மாதம் டிராக்டர் கடனை அடைத்திருக்கிறார், எனக்கும் சந்தோஷம். 2024இல் அதில் பாதியை மறுபடி தக்காளியிலேயே விட்டதையும் அவரேதான் எழுதியிருக்கிறார்.

எங்கள் கதை: அந்த வருஷம் கோடையில் தக்காளி சீரழிந்தது. அப்பா வெறுத்துப்போய்ச் செடியோடு ஓட்டிவிட்டுத் துலுக்கச் சாமந்தி போட்டார். அவரைப் போலவே நிறையப் பேர் தக்காளியை விட்டார்கள். விட்டதால்தான் ஜூலையில் அந்த விலை. நட்ட எழுபதாம் நாள்தான் முதல் பறிப்பு. ஆக இன்றைய விலை, எழுபது நாளைக்கு முன்னால் எத்தனை பேர் பயந்தார்கள் என்பதற்கான விலை. இன்றைய விலையைப் பார்த்து நடுகிறவர் எழுபது நாள் கழித்து, தன்னைப் போலவே பார்த்து நட்ட எல்லோரோடும் சேர்ந்து மண்டி வாசலில் நிற்பார். இதை அப்பாவுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. தெரிந்தே செய்கிறார். வேறு என்ன போடச் சொல்கிறீர்கள்? கேழ்வரகு போட்டால் அரசு 2024-25க்குக் குவிண்டால் 4,290 என்று விலை வைத்திருக்கிறது, நஷ்டம் வராது. ஆனால் முக்கால் ஏக்கர் கேழ்வரகில் அடகு வட்டி கட்ட முடியாது. கடன் இருக்கிறவர் பத்திரமான பயிர் போட முடியாது, சூதாடித்தான் ஆக வேண்டும். பணம் இருக்கிறவர்தான் கேழ்வரகு போடலாம்.

அந்த ஜூலையில் ஆபீஸில் ஒரு தோழி கேட்டாள்: "உங்க வீட்ல இப்ப லட்சக் கணக்குல வருமே?" வீட்டில் சாமந்தி இருக்கிறது என்றேன்.

15 ஏப்ரல், செவ்வாய்

நேற்று அம்பேத்கர் ஜெயந்தி விடுமுறை, ஊருக்கும் சித்திரை ஒன்று. சனி ராத்திரியே சில்க் போர்டில் ஓசூர் பஸ் பிடித்துப் போய்விட்டேன்.

இந்த இழைக்காக நாற்றுச் சீட்டு தேடினேன். அப்பா கணக்கெல்லாம் உரக்கடையில் கொடுக்கும் டைரியில்தான் எழுதுவார். பீரோவுக்கு மேலே ஆறேழு டைரி, ரப்பர் பேண்ட் போட்டு. இந்த வருஷத்து டைரியில் இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. நான் மாதம் அனுப்பும் ஆறாயிரத்தை வரவில் தேடினேன். இல்லை.

கடைசிப் பக்கத்தில் இருந்தது. அங்கே கடன்கள்: மண்டி, அடகுக் கடை, உரக்கடை பாக்கி, போர் வண்டி பாக்கி என்று வரிசையாக. எல்லாவற்றுக்கும் கீழே "பாப்பா கைமாத்து". 2019 ஜூனில் ஆரம்பம், என் முதல் சம்பளத்தில் கொடுத்த 3,000. அப்புறம் மாதா மாதம். கொரோனாவில் இரண்டு மாதம் கோடு போட்டு விட்டிருக்கிறார். கூட்டல், அதற்குக் கீழே "வரவு வைத்தது" என்று 2021 பொங்கலுக்கு எனக்கு எடுத்த புடவையின் 1,150ஐக் கழித்திருக்கிறார். மொத்தம் 3,34,500.

அந்தத் தேசிய ஆய்வின் 10,218ஐ எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று முன்பு முழுதாக எழுதவில்லை. கூலியும் சம்பளமும் 4,063, பயிர் 3,798, மாடு கோழி 1,582, விவசாயம் அல்லாத தொழில் 641, நிலத்தைக் குத்தகைக்கு விட்டதில் 134. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். பெங்களூரிலிருந்து மகள் அனுப்பியது என்று ஒரு தலைப்பு அதில் இல்லை. அப்பாவும் அதே முறையில்தான் எழுதியிருக்கிறார், ஆய்வைப் படிக்காமலே.

என் பணம் வீட்டுச் செலவுக்குப் போகிறது, அரிசி பருப்பு வாங்குகிறார்கள் என்று ஆறு வருஷமாக நினைத்திருந்தேன். செலவுப் பக்கத்தோடு தேதி வைத்து ஒத்துப் பார்த்தேன். ஐந்தாம் தேதி நான் அனுப்பினால் ஆறாம் தேதி உரக்கடை. நிலம் எங்களுக்குச் சோறு போடுகிறது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தோம். கார்மெண்ட்ஸ் கம்பெனிதான் நிலத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது.

கேட்கவில்லை. ரப்பர் பேண்டைப் போட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

16 ஏப்ரல்

தம்பியிடம் சொன்னேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் கேப் ஓட்டுகிறான், அவனும் அனுப்புகிறான், என்னைவிடக் கொஞ்சம் கூட. "என் கணக்கு எவ்ளோ இருக்குது?" என்று கேட்டான்.

அவன் பெயரில் பக்கமே இல்லை. மகன் கொடுத்தால் அது கடன் ஆகாது.

ராத்திரி முழுக்க இதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகிற பெண்ணிடம் வாங்கித் தின்றோம் என்று வரக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறாரா? கல்யாணத்தின்போது திருப்பிக் கொடுக்கவா? இல்லை, தமிழ்நாட்டில் 1989இலிருந்து பூர்வீக நிலத்தில் பெண்ணுக்கும் சம பங்கு உண்டே, அந்தப் பேச்சு வந்தால் காட்டுவதற்கா? கடைசியாக எழுதியது எனக்கே பிடிக்கவில்லை, அழித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும். அந்த ராத்திரி அதுவும் தோன்றத்தான் செய்தது.

4 மே

"நிலத்தை விற்றுத் தொலைக்க வேண்டியதுதானே" என்று சுருக்கமாக எழுதியவருக்கு: நியாயமான கேள்வி. ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டசபையில் அறிவித்ததிலிருந்து எங்கள் ஊர் டீக்கடையில் விவசாயிகளைவிடப் புரோக்கர்கள் அதிகம். காகிதத்தில் அப்பா லட்சாதிபதி. கேள்வி கேட்டவர் சொன்னதில் இது உண்மை, ஒத்துக்கொள்கிறேன்: நிலம் இருக்கும் ஏழையும் நிலம் இல்லாத ஏழையும் ஒன்றில்லை.

அதை எனக்குக் காட்டியது எங்கள் வயலில் பறிக்க வரும் ஒரு அக்கா. சித்திரைக்குப் போயிருந்தபோது அவரோடு சேர்ந்து நானும் இரண்டு வரிசை பறித்தேன் (விரலெல்லாம் பச்சைக் கறை, மூன்று நாள் போகவில்லை, ஆபீஸில் கம்ப்யூட்டர் மேல் கை வைக்கக் கூச்சம்). கூலியை 400 ஆக்கச் சொல்லி அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா மண்டிச் சீட்டைக் காட்டி, "எங்கிட்ட பணம் எங்க இருக்குதும்மா?" என்றார். அவர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "நஷ்டம் வர்றப்ப சீட்டக் காட்டறீங்க. பெட்டி ஐந்நூறு போனப்பவும் முன்னூத்தம்பதுதான குடுத்தீங்க?" என்றார். அப்பா மோட்டார் நிறுத்தப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கரண்ட் அப்போது இல்லை.

ஒன்றாம் தேதி நான் எழுதிய கணக்கில் அந்த 1,750ஐக் கழித்துவிட்டு "மிச்சம்" பார்த்தேன் இல்லையா, மண்டிக்காரர் எங்களைக் கழித்த அதே மாதிரி. (திருத்தம்: ஒன்றாம் தேதி இல்லை, மார்ச் 2.)

விற்பதைப் பற்றி: நாலு கையெழுத்து பிரச்சினை அங்கேயும் உண்டு. அதைவிட, மண்டிக்காரர் ராத்திரி பதினொரு மணிக்குப் பதினைந்தாயிரம் கொடுத்தது அப்பாவின் முகத்துக்கு இல்லை, அந்த 1.80 ஏக்கருக்கு. அது போனால் ஊரில் யாரும் அவருக்கு ஒரு ரூபாய் நம்பிக் கொடுக்க மாட்டார்கள். எங்களுக்கு நிலம் ஒரு ரேஷன் கார்டு மாதிரி.

15 ஜூன்

ஒரு மாதமாக இங்கே வரவில்லை, ஆபீஸில் ஆண்டுக் கணக்கு. இடையில் இழை மாம்பழத்துக்குப் போயிருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கிளிமூக்கு மாங்காயின் பெயர் பெங்களூரா. பெங்களூரில் யாரும் அதைப் பழமாகச் சீந்துவதில்லை, கூழ் எடுக்கும் தொழிற்சாலைக்குப் போகும் காய். இந்த வருஷம் விலை விழுந்ததால் சித்தூர் மாவட்டத்தில் வெளிமாநிலக் காய் உள்ளே வரக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள், கர்நாடக முதல்வர் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரிலாவது பெங்களூர் இருக்கிறதே என்று வந்த காய் எல்லையில் நிற்கிறது. வரப்போரம் எங்களுக்கு இருப்பது நாலே மரம், ஊறுகாய்க்கு ஆயிற்று.

தக்காளி முடிந்தது. மொத்தம் பதிமூன்று பறிப்பு, கடைசி நாலில் விலை கொஞ்சம் பரவாயில்லை. எல்லாம் போக 26,000 கை நஷ்டம், அம்மாவைச் சேர்க்காமல்.

நேற்று அப்பா பேசினார். விலை லேசாக ஏறுகிறதாம், மறுபடி நாற்று சொல்லியிருக்கிறார். 4,200 நாற்று, ஒன்று 90 காசு, 3,780. நாற்றுப் பண்ணைக்காரர் நம்பருக்கு ஜிபே பண்ணச் சொன்னார். கேழ்வரகு என்று ஆரம்பித்தேன், "வட்டி?" என்றார். அனுப்பிவிட்டேன். குறிப்பு எழுதும் இடத்தில் "நாற்று. திருப்பித் தர வேண்டாம்" என்று போட்டேன். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன், அது அவருக்கு எப்படித் தெரியும் என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

படித்தது பண்ணைக்காரர். பத்து நிமிஷத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது: "பணம் வந்துடுச்சும்மா. இதெல்லாம் எதுக்குத் திருப்பித் தரப் போறோம், நாத்துதான் குடுத்துடுவோமே. அடுத்த வாரம் வண்டி அனுப்பச் சொல்லுங்க, லேட் பண்ண வேணாம். உங்க ஊர்ல மட்டும் இந்த வாரம் பதினொரு பேரு தக்காளி நாத்து சொல்லியிருக்காங்க."